பதினேழாவது நிரை

இது உண்மையாகவே நடந்தது. தலவாக்கலைக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை நட்டிருக்கும் ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினால் பதினேழாவது நிரையை இப்போதும் பார்க்கலாம். பழம் குலை குலையாகத் தொங்கி, பூஞ்சணம் பிடித்து, கொடியிலேயே அழுகிக் கிடக்கும். அதை வெட்ட ஒருவரும் போவதில்லை. பேர் வெட்டுவோம், அன்றைய சம்பளம் கிடையாது என்று மிரட்டிப் பார்த்தார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியாக அந்த நிரையில் வெட்டிய ஜீவராணி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது நாளாக விடாத மழை. கொடிகளுக்கு மேலே பொலித்தீன் கூரை போட்டிருந்தும் ஈரத்தைத் தடுக்க முடியவில்லை. காலையில் நன்றாக இருந்த குலை மாலைக்குள் நரைத்துப் போனது. மிச்சமிருந்த பழத்தை நாலு மணிக்குள் வெட்டி, கீழே பழைய தேயிலை ஃபெக்டரியில் இருக்கும் சிமெந்துத் தொட்டியில் கொட்டியாக வேண்டும். அங்கேதான் வைன் போடுகிறார்கள்.

ஒரு நிரைக்கு இரண்டு பேர். கொடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இலை அடர்த்தியில் முகம் தெரியாது. இடையில் வந்து போகும் கைகள்தான் தெரியும். ஜீவராணிக்கு எதிரே எப்போதும் பிரியந்தி. புருஷனின் தங்கை, வயது இருபத்திரண்டு. தாய் செத்த பிறகு ஜீவராணிதான் அவளை வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை றொசல்லயிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

மதியம் 1.50க்கு மேற்பார்வையாளர் யோகேஸ்வரன் வந்தார். புதுப் பழம் கொட்டுவதற்கு முன்னால் தொட்டியின் அடியில் கிடக்கும் பழைய சக்கையை அள்ள வேண்டும்.

"ரெண்டு பேரும் போங்க. ஒருத்தி எறங்குனா ஒருத்தி மேல நிக்கணும். வெளக்க மறந்துறாதீங்க. நான் ரோட்டுக்குப் போயி லொறிய பாத்துட்டு வாரேன்."

புளிக்கும் சக்கையிலிருந்து ஒரு காற்று கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சை அடைத்துவிடும். தொட்டியின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதனால் முதலில் குப்பி விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்துவிட்டால் ஆள் இறங்கக் கூடாது.

"நீங்க நிரைய முடிங்க அண்ணி. நான் ஒருத்தி போதும்" என்றாள் பிரியந்தி. பிறகு கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் ஊதாச் சாயம். "ஞாயித்துக்கெழம இத எங்க ஒளிச்சி வைக்கிறது? கொலகாரின்னு நெனச்சி எந்திரிச்சி ஓடிருவாங்க."

"ஓடுனா ஓடட்டும். கோழிக்கறி மிச்சம்."

இருவரும் சிரித்தார்கள். நாலு எட்டு போனவள் நின்றாள்.

"வெளக்க உள்ள எறக்கிப் பாக்கணுமா அண்ணி?"

ஜீவராணி யோசித்தாள். வெள்ளிக்கிழமை. வீட்டில் நல்ல காரியம்.

"வேணாம் புள்ள. வெள்ளிக்கெழம ஏத்துன வெளக்கு ஒன் கையால அணையக் கூடாது. மேலயே வச்சிட்டு எறங்கு."

"சரி அண்ணி."

தன் கத்தரிக்கோலை நிரையின் தலைத்தூணில் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அப்போது மணி 1.55.

2.40க்கு மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பொலித்தீன் மேல் மழை மட்டும் சடசடத்தது. ஜீவராணி நிரையின் பாதிக்கு வந்திருந்தாள்.

2.52. போனைப் பார்த்ததால் நேரம் ஞாபகம் இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் இலை அசைந்தது. சர்ர்... சர்ர்...

இலைகளுக்கு நடுவே இரண்டு கைகள் வந்தன. முழங்கை வரைக்கும் ஊதா. இடது கையில் இரண்டு பச்சை வளையல்.

"வந்துட்டியா புள்ள? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

இலை மட்டும் அசைந்தது. களைத்திருப்பாள் என்று நினைத்தாள். துணைக்கு ஆள் வந்த சந்தோஷத்தில் வேகமாக வெட்டினாள்.

கைகளும் கூடவே நகர்ந்தன.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். அந்தப் பக்கம் கூடையில் குலை விழும் சத்தமே இல்லை. கைகள் இலையைத் தடவின. கம்பியைப் பிடித்தன. விட்டன. மறுபடி பிடித்தன... எதையோ பிடித்து ஏறப் பார்ப்பது போல.

"என்னா புள்ள வெளாட்டு? மணி மூணாச்சி."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக... விட்டு விட்டு...

3.05. மண்ணெண்ணெய் வாசனை. இப்போதுதான் அணைந்த திரியின் வாசனை. அந்த மலையில் விளக்கு ஏது?

முதலில் நெஞ்சு உயரத்தில் இருந்த கைகள் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன.

3.12. முழங்கால் உயரம்.

உட்கார்ந்துவிட்டாளோ? ஜீவராணி குனிந்து பார்த்தாள். இலைதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளை மூட்டம்.

3.20. அடிக்கம்பிக்குக் கீழே, மண்ணோடு மண்ணாக, ஒரு கை மட்டும் நீண்டு வந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. கேட்கிற கை.

"கத்திரிய மறந்துட்டியா? ... இந்தா."

சிவப்புத் துணி சுற்றிய தன் கத்தரிக்கோலை அதில் வைத்தாள். விரல் பட்டது.

ஐஸ் மாதிரி.

விரல்கள் மெதுவாக மூடின. கை இலைக்குள் போனது.

மூச்சுச் சத்தம் நின்றது.

வெட்டுவதற்கு வேறு கத்தரிக்கோல் வேண்டுமே. ஜீவராணி தலைத்தூணுக்கு நடந்தாள். பிரியந்தியுடையது மாட்டிய இடத்திலேயே தொங்கியது.

அங்கிருந்து நிரையின் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். மூட்டம் சற்று விலகியது.

யாரும் இல்லை.

சேறு வழவழவென்று கிடந்தது. ஒரு காலடி கூட இல்லை.

3.25.

ஓடினாள்.

ஃபெக்டரிக்குள் இருட்டு. தொட்டி விளிம்பில் குப்பி விளக்கு நின்றது. ஆடாமல், அசையாமல், நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே சக்கையின் மேல் பிரியந்தி மல்லாந்து கிடந்தாள். சுவரில் விரல் தடங்கள். மேலே நெஞ்சு உயரத்தில். அதற்குக் கீழே. இன்னும் கீழே...

ஜீவராணி விளிம்பைத் தாண்டிக் காலைப் போட்டாள். ரோட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்த யோகேஸ்வரன் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "நீயும் சாகப் போறியா?" என்றார். ஆட்கள் வந்து பிரியந்தியைக் கயிறு போட்டு மேலே இழுத்தபோது மணி 3.40.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, தனுஜா என்ற தாதி தமிழில் சொன்னாள். விழுந்தவுடன் உயிர் போகவில்லை. ரொம்ப நேரம் மூச்சு இருந்திருக்கிறது. ஒரு அரை மணித்தியாலத்துக்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள்.

ஜீவராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டும் நேரத்தில் தனுஜா மறுபடி வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. பிரியந்தியின் பொருட்கள்.

"வளையல் ரெண்டும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க. மத்தது கைக்குள்ள இருந்திச்சி. விரல் இறுகிப் போயிருச்சி, கஷ்டப்பட்டுத்தான் எடுத்தோம். தொட்டிக்குள்ள எதுக்கு இத கொண்டு போனாங்க?"

ஜீவராணி பைக்குள் பார்த்தாள்.

பச்சை வளையல் இரண்டு. அவற்றுக்கு அடியில், சிவப்புத் துணி சுற்றிய கத்தரிக்கோல்.