மூன்றாவது பெடல்

பெருமாநல்லூரில் பழைய கார் என்றால் ஆரோக்கியராஜ்தான். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பத்தொன்பது வயதில் பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்தவர், கட்டிங் டேபிளில் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கம்பெனி ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக்குகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து கார். நாற்பத்தாறு வயதில் அவருக்கென்று ஒரு தகரக் கொட்டகை இருந்தது. எந்த இஞ்சினும் தன்னை ஜெயித்துவிட்டு வெளியே போனதில்லை என்ற பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது.

முந்தின வருஷம் சித்திரையில் தரணீதரன் ஒரு அமெரிக்கக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மங்கலம் ரோட்டில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். ஆரோக்கியராஜின் மனைவி நதியா அங்கேதான் செக்கிங்கில் வேலை பார்த்தாள். கார் அறுபத்து நாலாம் வருஷத்து மாடல், வெளிர் பச்சை. தரணீதரனின் அப்பா லிங்கசாமி முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் குன்னூரில் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கியது. ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் இடது காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டர், பிரேக், இரண்டே பெடல்.

“கியர் விழ மாட்டேங்குதுங்க. அதைக் கழட்டி வீசிப்போட்டு மேனுவல் கியர் மாட்டிக் குடுங்க. தை மாசம் கோயமுத்தூர்ல பழைய கார் ஊர்வலம் இருக்குது. கையில கியரைப் போட்டு நானே ஓட்டிட்டுப் போகோணும்” என்றார் தரணீதரன்.

ஆரோக்கியராஜ் அன்றைக்கே கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தார். பெரிய சேதமில்லை. உள்ளே பட்டைகள் தேய்ந்திருந்தன, சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. வெளிநாட்டுக்குச் சொல்லிவிட்டால் இரண்டு மாதத்தில் சாமான் வந்துவிடும். அதைச் சொன்னார். தரணீதரன் காதில் வாங்கவில்லை. இவரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. இப்படியொரு வேலையை அந்த வட்டாரத்தில் யாரும் செய்ததில்லை. அவருக்குக் கை துறுதுறுத்தது.

புறப்படும்போது தரணீதரன், “அப்பாகிட்ட ரிப்பேர்னு மட்டுந்தானுங்க சொல்லியிருக்கறேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க” என்றார். ஏன் என்று ஆரோக்கியராஜ் கேட்கவில்லை.

இஞ்சினை இறக்கினார். ஜீப் கியர்பாக்ஸ் ஒன்று கிடைத்தது. அதையும் இஞ்சினையும் சேர்க்க கனத்த இரும்புத் தகட்டில் ஒரு இணைப்பு வெட்டினார். வண்டியின் தரையை அறுத்துக் கியர் கம்பிக்கு வழி செய்தார். மிச்சமிருந்தது இஞ்சினுக்குள் சுழலும் கனத்த தண்டு, கிராங்க் ஷாஃப்ட். புது கியர்பாக்ஸின் தண்டு நுனி அதன் பின்முனைக்குள் போய் உட்கார வேண்டும். ஆட்டோமேட்டிக் இஞ்சினில் அதற்குத் துளையே இல்லை. நட்டநடுவில் துளை போட்டுப் புஷ் என்கிற பித்தளை வளையத்தை அடித்து இறக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் இஞ்சின் உதறும்.

கிராங்கைக் கழற்றித் துடைத்து பெஞ்சில் வைத்திருந்த நேரத்தில்தான் லிங்கசாமி வந்தார். ஆடி மாதம். எழுபத்திரண்டு வயது, வெள்ளை வேட்டி. ஆட்டோவிலிருந்து இறங்கவே ஐந்து நிமிஷம் ஆனது. நாலு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவர். ஆரோக்கியராஜ் அந்தக் காலைப் பார்த்தார். கையிலிருந்த புதுக் கிளட்ச் பெடலை மெல்ல ஒரு சாக்குக்கு அடியில் தள்ளினார்.

“ஏனுங்க தம்பி, எப்ப முடியுமுங்க?”

“கார்த்திகைக்குள்ள ஓடிரும் அய்யா. சும்மா ரிப்பேர்தான்.”

லிங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்து இஞ்சின் இல்லாத காரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கலியாணம் காரியம்னா என்னைய ஆராச்சும் தூக்கி ஏத்தி எறக்கோணுமுங்க. இந்த வண்டி வந்த பொறகுதான் நானா நெனச்சா பழனிக்குப் போவேன், நானா நெனச்சா திரும்புவேன்” என்றார். பிறகு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

அன்று முழுக்க ஆரோக்கியராஜ் வேறு வேலை பார்க்கவில்லை. கிராங்கில் இன்னும் துளை போடவில்லை. இப்போது நிறுத்தினாலும் பழையபடி மாட்டிவிடலாம். நதியாவிடம் சொன்னார். “முதலாளி சொன்னதை நீங்க ஏன் மாத்துதீய? நாளைக்கு நான் அங்க வேலைக்குப் போவண்டாமா?” என்றாள் அவள். மறுநாள் காலை கிராங்கைத் துளை போட மணியனின் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். நதியா சொன்னது ஒரு சாக்குத்தான் என்று அவருக்கே தெரியும்.

துளை அச்சாக அமைந்தது. கார்த்திகையில் வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது. அவர் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த வேலை.

தரணீதரன் வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தார்கள். லிங்கசாமி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு கீழே குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“ஏனுங்க தம்பி, இந்த மூணாவதை நான் எந்தக் காலுல மிதிக்கறதுங்க?”

தரணீதரன், “டிரைவர் போட்டுக்கலாமுங்கப்பா. போன வருசமே அவினாசி ரோட்டுல வண்டியை வேலிக்குள்ள கொண்டி உட்டுட்டீங்க. சொன்னா நீங்க கேட்டாத்தானுங்களே” என்றார். லிங்கசாமி சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் தானாகவே இறங்கி உள்ளே போனார்.

பட்டறையிலிருந்து தரணீதரன் எடுத்துப்போயிருந்த பழைய கியர்பாக்ஸை அன்று சாயங்காலமே ஆரோக்கியராஜ் கேட்டார். இரும்புக் கடைக்குப் போய் மாதமாகிவிட்டது என்றார் தரணீதரன்.

ஆரோக்கியராஜ் பத்து நாள் உட்கார்ந்து, கிளட்சைக் கையால் பிடிக்கிற மாதிரி ஒரு லீவர் செய்தார். அதை எடுத்துக்கொண்டு லிங்கசாமியைப் பார்க்கப் போனார். பெரியவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், லீவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் பட்டறைக்கு வந்தன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“உங்க காலப் பாத்ததும் தெரிஞ்சுட்டு, அய்யா.”

“அன்னைக்கு நிறுத்தியிருக்கலாமுங்களா?”

ஆரோக்கியராஜுக்குப் பொய் வரவில்லை. “நிறுத்தியிருக்கலாம்” என்றார்.

லிங்கசாமி லீவரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். “இதைக் கொண்டு போயிருங்க. இனி எனக்கு ஒருத்தரும் ஒன்னும் செஞ்சு தர வேண்டாமுங்க. டீ ஆறுது, குடிங்க.”

கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆரோக்கியராஜுக்கு. டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

தையில் கோயமுத்தூர் ஊர்வலத்தில் காருக்குக் கோப்பை கிடைத்தது. தரணீதரன் பெரிய போட்டோ ஒன்றைச் சட்டம் போட்டுக் கொட்டகைக்கு அனுப்பி வைத்தார். நதியா சூப்பர்வைசர் ஆனாள். ஆயுத பூஜைக்குக்கூடப் பெரியவர் கம்பெனிப் பக்கம் வருவதில்லை, டிரைவர் கதவைத் திறந்துகொண்டு நின்றாலும் அந்தக் காரில் ஏறுவதில்லை என்று அவள் வந்து சொன்னாள். ஆரோக்கியராஜ் போட்டோவை மாட்டாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு வேலை வந்தது. பிறகு மாட்டிவிட்டார்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் அதன் முன்னால் நின்று, “அருமையான வண்டிங்க. ஆரோடதுங்க?” என்று கேட்டார்.

“மங்கலம் ரோட்டு தரணீதரன் சாரோடது” என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த வண்டியின் பானட்டைத் தூக்கினார் ஆரோக்கியராஜ்.