மாட்டுத் தொழுவத்தில் ஒட்டிய கண்ணாடி

எழுபதுகளின் தொடக்கம். டோல்கேட்டுக்குக் கிழக்கே ஒரு கருங்கல் வீட்டில் குடியிருந்தேன். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டமும் மாடுமாக இருந்த பண்ணை வீடாம். நான் போனபோது தோட்டம் லாரி ஷெட்டாகியிருந்தது. வீட்டை எட்டு போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது மாட்டுத் தொழுவம். மாடு கட்டிய இரும்பு வளையத்தில் சட்டையை மாட்டுவேன், தண்ணீர்த் தொட்டியில் குளிப்பேன். ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பாள் மனைவி.

எனக்கோ அந்த வீட்டைப் பார்த்து அலுக்கவில்லை. ஜன்னல் மேடையில் குறுக்கே உட்காரலாம், சுவர் அவ்வளவு கனம். தலைக்கு மேலே ஒரு கல் வளைவு பாதி தூரம் வந்து தடுப்புச் சுவரில் முட்டி மறைந்துவிடும். மீதிப் பாதி பக்கத்துப் போர்ஷனில். அதைப் பார்க்கவே சர்க்கரை கேட்கிற சாக்கில் அங்கே போயிருக்கிறேன்.

இந்த ஆராய்ச்சியில்தான் வினை வந்தது. மாடுகள் நுழைந்த அகலமான வாசலைச் செங்கல்லால் அடைத்துக் கதவு வைத்திருந்தார்கள். அந்தப் புதுச் சுவரும் பழைய கல்லும் சேருமிடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். ஆபீஸில் கேட்டேன். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டு, சுவர் நகர்ந்தால் உடைந்துவிடும் என்றார் ஒருவர். சனிக்கிழமை மாலை, உடைந்த முகக்கண்ணாடியில் ஒரு துண்டை ஒட்டினேன். ஞாயிறு காலை பால் வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

வீடு இடிகிறது என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன். நான் காப்பாற்றிய பொருள் பால் பாத்திரம். மனைவி தானாகவே பின்னால் வந்தாள். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஏழு குடும்பங்கள் தகரப் பெட்டியும் குடமுமாக வெயிலில் நின்றன. நான் குமாஸ்தா, சும்மா இருப்பேனா? ஒரு பெட்டிமேல் காகிதத்தை வைத்து, வீட்டைச் சோதித்து மூட வேண்டும் என்று கார்ப்பரேஷனுக்கு மனு எழுதினேன். பக்கத்துப் போர்ஷன் பெண் நிறைமாதம். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்:

"பூட்டிட்டாங்கன்னா நான் எங்கண்ணே போயி புள்ளயோட குந்திக்கறது?"

நான் மனுவில் 'அவசரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

எட்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர், கடைசிப் போர்ஷன் கொத்தனார், மாதாகோயிலிலிருந்து அப்போதுதான் வந்தார். மனுவை வாங்கவே இல்லை. நேராகப் போய் விரிசலைத் தடவினார்.

"இந்தச் செவுரு நான் கட்னது நைனா. கல்லு அசையாது. செங்கல்லு செவுரு காயக் காய சுருங்கும். ரெண்டையும் சேத்துப் பூசுனா புதுசு வெடிச்சிடும். அதான் சந்து வுட்டு வெச்சேன்."

அப்படியானால் கண்ணாடி ஏன் உடைந்தது என்று மடக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு முனை கல்லில் இருந்தது. மறுமுனையை நான் செங்கல்லில் ஒட்டாமல் கதவு நிலையில் ஒட்டியிருந்தேன். கதவை ஓங்கிச் சாத்தினார். நிலை நடுங்கியது, ஒட்டியிருந்த மிச்சத் துண்டும் விழுந்தது.

"வூடு வுழல. நீ கதவ சாத்திகினு கீற."

முதலில் சிரித்தவள் அந்த நிறைமாதக்காரிதான். மனுவை என் கையிலிருந்து உருவி, விசிறிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அடுத்த மாதம் அந்த மீதிப் பாதி வளைவுக்குக் கீழே தூளி ஆடியது. சர்க்கரை கேட்கப் போய்ப் பார்த்தேன்.

கொத்தனார் அன்றே இன்னொரு துண்டைக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் குறுக்கே சரியாக ஒட்டிக் கொடுத்தார். நான் காலி செய்யும் வரை அது உடையவில்லை. அதைப் பார்த்துத்தான் சவரம் செய்துகொண்டேன். இப்போதும் ஏதாவது இடிந்து விழப்போகிறது என்று தோன்றினால், ஊரைக் கூட்டுவதற்கு முன், என் கை எந்தக் கதவின் மேல் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.