ஸ்பிரிட் நனைத்த பஞ்சு

நிடெல்வியா கனுல் சரியான பயந்தாங்கொள்ளி. மெரிதா நகரில் அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இது ஊரறிந்த சங்கதி. லிஃப்டில் ஏறமாட்டாள், நாலு மாடியும் படிதான். தோலைத் தின்னும் காஸ்டிக் கரைசலை மட்டும் பால் காய்ச்சுவது போல அநாயாசமாகக் கையாளுவாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் பாட்டில் கழுவ வந்தவள், இப்போது நிக்கல் பூசிய சின்னப் பட்டைகளைச் செய்கிறாள். பட்டையைக் காஸ்டிக்கில் நிறுத்தி ஒரு துளி ரத்தம் விட்டால், பக்கத்துப் பெட்டி சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடும். கடைப் பட்டைகளில் உள்ள நொதி வெயிலில் கெட்டுப்போகும். இவள் பட்டையில் நொதியே கிடையாது. மெரிதா வெயில் இதனிடம் தோற்றுத்தான் போக வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தம்பி வில்பெர்த் அவளோடுதான் இருக்கிறான். மோட்டோ டாக்ஸி ஓட்டுகிறான், பத்து வருடமாக இன்சுலின் போடுகிறான். அவனுடைய சர்க்கரை மீட்டர் மழையில் நனைந்து செத்துப்போனதும், யாரிடமும் கேட்காமல் ஆய்வகப் பெட்டியையும் பட்டைகளையும் ஒரு சீசா காஸ்டிக்கையும் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டாள். 

ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உட்கார வைத்தாள்.

"கையை நீட்டுடா."

பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கி, நர்ஸ் மாதிரி விரலை அழுத்தித் துடைத்து, ஈரம் காயுமுன் குத்தினாள். பெட்டி நானூற்றுப் பன்னிரண்டு என்றது.

"என்னத்தடா தின்னே? மறைக்காம சொல்லு."

"ரெண்டு சோளமாவுத் தமால்தாங்க்கா. சத்தியமா."

"ரெண்டா, ரெண்டு டஜனா?"

"உன் பொட்டிக்கு என்மேல என்ன கோவமோ."

ஆனாலும் அக்காவின் பெட்டியாயிற்றே. பதினான்கு யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டு வலை ஊஞ்சலில் சாய்ந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டதற்கு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். நாக்கு குழறியது.  மறுபடி பஞ்சு, ஸ்பிரிட், குத்து. நானூற்று முப்பது.

இன்னும் ஏறுகிறதே என்று அடுத்த ஊசியை எடுத்தாள். மூடியைப் பல்லால் கழற்ற ஊசியை முகத்தருகே கொண்டுவந்தபோது விரலிலிருந்த ஸ்பிரிட் வாடை குப்பென்று ஏறியது.

ஆய்வகத்துக்கு ரத்தம் குழாயில் அடைத்துத்தான் வரும். அங்கே யாரும் விரலைத் துடைத்ததில்லை. பட்டையை ஆல்கஹாலில் கழுவினால் மூன்று முறை தண்ணீரில் அலச வேண்டும், ஒரு சொட்டு தங்கினாலும் எண் எகிறும் என்று சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். நிக்கலுக்குச் சர்க்கரையும் ஒன்று, சாராயமும் ஒன்று. அது இரண்டையும் சேர்த்தே எண்ணியிருக்கிறது. தம்பிக்குச் சர்க்கரை ஏறவில்லை, அதலபாதாளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கிவிட்டவள் இவள்.

ஊசியை வீசினாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டே தேனை விரலில் தொட்டு அவன் கன்னத்துக்குள் தடவினாள். "முழுங்குடா. டேய், என்னைப் பாருடா." தேன் அவன் கழுத்தெல்லாம் வழிந்தது. அவனுக்குக் கண் செருகியது. செத்துப்போவான், நான்தான் கொன்றேன் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

பத்து நிமிடம் கழித்து அவன் முனகினான். "போதுங்க்கா. எறும்பு வந்துடும்."

அவள் ஓவென்று அழுதாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.  அவன் விரலை நீட்டினான். "சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குத்து. இப்ப எவ்ளோன்னு பாப்போம்."

கழுவினாள், துணியால் ஈரம் போகத் துடைத்தாள், குத்தினாள். பெட்டி பக்கம் திரும்பத் தைரியமில்லை. அவனே எட்டிப் பார்த்து, "தொண்ணூத்தாறு. நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அவள் அந்த எண்ணை நம்பவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.