பூட்டுப் போட்ட டெலிபோன்

"மேம், எங்க வயசுப் பொண்ணுங்கள எப்டி மேம் இவ்ளோ கரெக்டா எழுதுறீங்க?"

ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளி ஒன்றில், என் நாவலைப் படித்த மாணவி கேட்டாள். கேட்டுவிட்டுப் பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் என்னை மயிலாப்பூர் வீட்டுக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டது!

அங்கே ஒரு கறுப்பு டெலிபோன். யாரும் பேசிவிடக் கூடாதென்று அதன் டயலுக்கு அப்பா பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு ஆபீஸ் போவார். ரிசீவர் உட்காரும் பொத்தானைத் தட்டினாலே நம்பர் போகும், ஐந்துக்கு ஐந்து தட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் நான் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். செத்தேன் என்று நினைத்தேன்.

அம்மா போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள்.

"எனக்கும் சொல்லிக் குடுடி. கே.கே. நகர்ல இருக்கற எங்க அக்காகிட்ட பேசணும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டினாள். பெரியம்மா 'ஹலோ' என்றதும் அம்மா கூடத்திலேயே குதித்தாள்.

மாணவியிடம் சொன்னேன்: "உங்களப் பாத்து எழுதலம்மா. எங்கம்மாவப் பாத்துதான் எழுதறேன்."