தலைமாடு மேற்கே

என் மாமியாருக்குத் திசை தெரியும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம். வேறு எந்தத் தாயாக இருந்தாலும், மகன் பெட்டியில் வந்து இறங்கிய நாளில் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் விழுந்து கிடந்திருப்பாள். இவரும் விழுந்துதான் கிடந்தார். ஆனால் கிடந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்.

நான் தரங்கம்பாடிப் பெண். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் அந்த ஊரில் ஒரு தெரு இருந்தன. ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரு பையன் துபாயில், ஒரு பையன் சிங்கப்பூரில், இல்லாவிட்டால் திருப்பூரில். என் கணவரும் கல்யாணமான சில மாதங்களில் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போனார். ஒரு தடவை லீவில் வந்தார். அடுத்த லீவுக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர்தான் பெட்டியோடு கூடவே வந்தார். அவரை நாங்கள் பாய் என்றே கூப்பிட்டோம். வேனிலிருந்து இறக்கியபோது பெட்டியின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. சுற்றிலும் பட்டை போட்டு ஆணியடித்திருந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தை பாயிடம் கேட்ட ஒரே கேள்வி, "தலைமாடு எதுப்பா?" என்பதுதான். அவர் ஒரு முனையைத் தொட்டுக் காட்டினார். அத்தை அந்த முனையில் சம்பங்கி மாலையைப் போட்டு, அந்த இடத்திலேயே கன்னத்தை வைத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்துக்கு வாய்க்கால் கரையோடு போக வேண்டும். மதகுக்குப் பக்கத்தில் கரை குறுகல். அங்கே தூக்கியவர்கள் ஆள் மாறினார்கள், பெட்டியைச் சுற்றித் திருப்பினார்கள், யாரோ ஒருவர் சேற்றில் கால் வைத்தார், ஒரே சத்தம். பிறகு குழியில் இறக்கினார்கள். நான் எதையும் கவனிக்கவில்லை. என்னை இரண்டு பெண்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நான் ஏதோ குழியில் குதித்துவிடுவேன் என்பது போல.

மறுநாள் காலையில் அத்தை சாதாரணமாகச் சொன்னார். "பாப்பா, தம்பிய மாத்திப் போட்டுட்டாங்க. மாலை கிழக்கால போயிடுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தலை மேற்கே, கால் கிழக்கே. ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து உட்கார்ந்தால், நேர் எதிரே அவர் முகம் தெரிய வேண்டும். ஞாயிறு பள்ளியில் நானும்தான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு மறந்தும் போயிருந்தேன். அத்தை மறக்கவில்லை. அவர் கணக்குப்படி, ஊரே எழுந்து கிழக்கே பார்க்கும்போது அவர் மகன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. அவர் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதெல்லாம் இல்லை. விடிந்தால் எழுந்தார், வாசல் பெருக்கினார், குத்தகை நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் சோறு இறங்கவில்லை. "வச்சிடு பாப்பா, அப்பறமா சாப்புடுறேன்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. வெறும் நீராகாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். ரவிக்கைக் கை தொங்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் என் அப்பா என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போக இரண்டு தடவை வந்துவிட்டார். இந்தக் கோலத்தில் அந்த அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவரும் செத்துப்போனால் அந்தப் பாவமும் என் தலையில்தான் விடியும்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. "அழாதம்மா, உயிர்த்தெழுதல்ல பாக்கத்தான போற" என்பார்கள். சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பார்கள். அவர்களுக்கு என்ன வந்தது? கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து எனக்கு எல்லோரும் சொன்னது இது ஒன்றைத்தான். காண்ட்ராக்ட் முடியட்டும், பார்க்கலாம். லீவு கிடைக்கட்டும், பார்க்கலாம். நோன்புப் பெருநாள் கழியட்டும், டிக்கெட் விலை இறங்கட்டும், பார்க்கலாம். இப்போது உயிர்த்தெழுதல் வரட்டும், பார்க்கலாம். லீவுக்காவது ஒரு தேதி சொல்வார்கள். இதற்கு அதுவும் கிடையாது. நான் ஆண்டவர் மேலேயே கோபமாக இருந்தேன். வெளியே சொன்னால் வாயிலேயே போடுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அத்தையிடமே சண்டைக்குப் போனேன்.

"ஏன் அத்தை, எல்லாரும் கிழக்கால பாத்துக்கிட்டுத்தான எந்திரிக்கப் போறோம்? நீங்க முன் வரிசையில இருந்தா அவரு உங்க முதுகத்தான் பாப்பாரு. அவரு முன்னால இருந்தா நீங்க அவரு முதுகப் பாப்பீங்க. இதுக்கா பட்டினி கெடக்குறீங்க?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"முதுகப் பாத்தா அம்மான்னு தெரியாதா அவனுக்கு?" என்றார்.

இவரோடு பேசி ஜெயிக்க முடியுமா? வேறு வழியில்லாமல் போதகரைக் கூட்டி வந்தேன். நல்ல மனிதர், படித்தவர், இளவயது. அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து அழகாக எடுத்துச் சொன்னார். கடலில் மூழ்கினவர்கள் இல்லையா, தீயில் வெந்தவர்கள் இல்லையா, அவர்களையெல்லாம் எழுப்புகிறவருக்குத் திசை ஒரு பொருட்டா என்று கேட்டார். எனக்கே மனசு தெளிந்தது. அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஆண்டவருக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க ஐயா. எனக்குத் தெரியாதா? எம் புள்ளைக்குத்தாங்க கஷ்டம். அவன் தூங்கி எந்திரிச்சா கொஞ்ச நேரம் திக்குத் தெரியாதுங்க. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். கதவுன்னு நெனச்சு செவுத்துல போய் முட்டிக்குவான். நான் புடிச்சுத் திருப்பிவிடுவேன்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது உண்மைதான். லீவில் வந்திருந்தபோது ஒரு காலையில் அவர் பீரோவைத் திறந்து வெளியே போகப் பார்த்தார். அதை எண்ணிச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் கோபம் இன்னும் அதிகமானது.

"புதைச்சதத் தோண்டணும்னா தாசில்தார் வரைக்கும் போகணும், போலீஸ் வரும், ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார் போதகர். பிறகு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி என்னிடம் சொன்னார். "வியாழக்கெழம நான் மீட்டிங்குக்குத் திருச்சி போறேன். வர்றதுக்கு ராத்திரி ஆயிடும். நான் இல்லாதப்ப இங்க நடக்குறது எதுவும் எனக்குத் தெரியாதும்மா."

அனுமதி கொடுத்தாரா, கொடுக்கவில்லையா என்று தெரியாமல் நான் குழம்பிக்கொண்டே உள்ளே போனேன். அத்தைக்குச் சொன்னதும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "வியாழக்கெழமயா? சரி, ஆளுக்குச் சொல்லு" என்றார்.

ஆளுக்கு எங்கே போவது? குழி வெட்டுகிற பெரியவர் ஒருவர், அவர் தம்பி ஒருவர். தெருவில் மீதி இருந்த ஆண்கள் வயசானவர்கள், பையன்கள், அல்லது போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் முதுகுவலி வந்தவர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழம் தோண்டினாலே ஊற ஆரம்பித்துவிடும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பூத்துக்குப் போய்க் கூத்தாநல்லூருக்குப் போன் போட்டேன். பாய் இன்னும் திரும்பிப் போகவில்லை. விஷயத்தைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படியோ உளறிக்கொட்டினேன். அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தலைமாடு மாறிப்போச்சா?" என்று பதறிவிட்டார். "யா அல்லா! அம்மா எப்படித் தாங்குறாங்க? எங்கள்ள முகத்த மக்கா இருக்குற கிப்லா பக்கம் திருப்பாம மண்ணு தள்ள மாட்டோமே. ஏன் தங்கச்சி, அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

எனக்குப் போனைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. ஊர் முழுக்கச் சபைக்காரர்களை வைத்துக்கொண்டு, என் மாமியாரை முழுசாகப் புரிந்துகொள்ளக் கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பாய் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகாரப் பொட்டலம் வேறு. மண் இன்னும் இறுகவில்லை. பெட்டி தெரிந்ததும் இரண்டு பக்கமும் கயிறு கொடுத்தார்கள். கயிற்றுக்கு ஆறு ஆள் வேண்டும் என்றார் குழி வெட்டுகிறவர். ஆண்கள் நாலு பேர்தான். சபையில் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியாரின் வீட்டம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தார். இன்னொன்றை நான் பிடித்தேன். பொம்பளைகள் பிடிக்கலாமா என்று பெரியவர் இழுத்தார். "பிடிக்க வேண்டிய ஆம்பளையெல்லாம் எங்க, கூப்புடுங்க பாப்போம்" என்றேன். அவர் குனிந்து கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

இழுத்தோம். பெட்டி சேற்றை விட்டு மெல்லக் கிளம்பியது. கையில் கயிறு அறுத்தது. அதுவரை எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் தூக்கினார்கள், மற்றவர்கள்தான் இறக்கினார்கள். விமானத்திலிருந்து, வேனிலிருந்து, வீட்டிலிருந்து. நான் தொட்டது மேல் பலகையை மட்டும். இப்போதுதான் என் கையில் அவருடைய கனம் இறங்கியது. அவர் இறந்துவிட்டார் என்று அந்தக் கயிற்றைப் பிடித்தபோதுதான் நான் முழுசாக நம்பினேன். மேலே வைத்து, சுற்றித் திருப்பி, மறுபடி இறக்கினோம். நசுங்கிக் கருத்துப்போன சம்பங்கி மாலை மேற்குப் பக்கம் போனது. அத்தை குழியோரம் குனிந்து ஒரு தடவை பார்த்தார். கிழக்கே கை நீட்டி, குழந்தைக்குச் சொல்கிற குரலில், "அந்தாண்ட, தெரியுதா?" என்றார். அவ்வளவுதான். ஜெபம்கூடச் செய்யவில்லை. மண் தள்ளும்போது வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார், வந்தவர்களுக்கு உலை வைக்க வேண்டுமாம்.

பாயும் மச்சானும் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போனார்கள். பிறகு நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். அத்தை தட்டு நிறையச் சோறு போட்டு, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். இத்தனை நாள் நான் கெஞ்சிய கெஞ்சலுக்கு இறங்காத சோறு. பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரம் ஆத்திரமாகவும் வந்தது. இந்த அம்மாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மகன் சரியாகப் படுத்திருக்கிறான், காலையில் எழுந்துவிடுவான். எனக்கு என்ன முடிந்தது? இனிமேல் நான் எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது?

அதைக் கேட்டது போல அத்தை நிமிர்ந்தார்.

"நாளைக்கு உங்கப்பாவ வரச் சொல்லு. நீ தரங்கம்பாடிக்குக் கெளம்பு."

"ஏன், நான் ஒங்களுக்குப் பாரமா?"

"நல்ல இடமா வந்தா கல்யாணம் பண்ணிக்க. ஒனக்கு என்ன வயசாயிடுச்சு?"

நான் கத்திவிட்டேன். பெட்டியை மூடின மண் ஈரம்கூடக் காயவில்லை, என்ன பேச்சு பேசுகிறீர்கள், அவர் எழுந்து வருவார் என்று ஊரையே இரண்டாக்கினது யார், வந்து என் பொண்டாட்டி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். நம்பிக்கை இல்லாதவள் நான். அதை நானே மறந்துபோய், அவர் ஏதோ அடுத்த லீவில் வந்து நிற்கப்போகிறவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"கேப்பான். கேக்காம இருப்பானா?" என்றார். "நான்தான் ஒனக்கு முன்னாடியே போயி அவன்கூட இருப்பேன்ல. அவளால தனியா இருக்க முடியலடா, நான்தான் கட்டிக்கச் சொல்லி அனுப்புனேன்னு சொல்லுறேன். எம் பேச்ச அவன் தட்ட மாட்டான். அந்தக் கவல ஒனக்கு வேண்டாம்."