பூஜ்யத்துக்கு வராத தராசு

கட்டிங் வேஸ்ட் வியாபாரத்தில் சரக்கைவிட வாய்தான் அதிகம் தேயும் என்பது, இதே தொழிலில் ஏச்சு வாங்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

காலித் தட்டு

பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத்துணியை வேலம்பாளையம் குடோனில் மூட்டை கட்டி விற்கிறேன். மண் தரையில் குழிவெட்டிப் பதித்த மின்தராசு. ஆடியிலிருந்து அது பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒன்றும் ஏற்றாமலே நூறு கிராம் காட்டும். தூசி என்று நினைத்துக் காலையில் பொத்தானை அமுக்கிச் சரிசெய்வேன். மத்தியானம் பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே நிற்கும். பழைய வாடிக்கையாளர் பழனிச்சாமி அதைப் பார்த்துவிட்டார். எடையில் கைவைப்பவன் என்று பெயர் வந்தால் இந்தத் தொழிலில் நான் செத்தவன். அவரிடம் கத்தித் தீர்த்தேன். அவர் குரலே உயர்த்தவில்லை.

"ஏனுங்க, நாங்க ஏறாமயே ஆரோ ஏறி எறங்கறாங்களே, ஆருங்க அது?"

நான்கு சட்டைகள்

ஆத்திரத்தில் தட்டைக் கழற்றினேன். உள்ளே நான்கு பாம்புச் சட்டைகள், கிழிசலே இல்லை. கண் இருந்த இடம்கூடக் கண்ணாடிபோல் இருந்தது. குழியை மூட அன்றே மணலும் சிமெண்டும் இறக்கினேன். துணியை மிதித்து மூட்டை கட்டும் பீகார் சுனில் படம் எடுத்து, பாம்பு பிடிப்பவருக்கு அனுப்பிவிட்டுக் குழியையே பார்த்தான்.

"முதலாளி, சட்டை நாலு இருக்கு. ஆள் எங்கே?"

மேரியின் டார்ச்

படம் கைமாறி, பாம்பு ஆராயும் மேரியிடம் போனது. மறுநாளே வந்து குழியோரம் குப்புறப் படுத்தாள். மதியம்தான் ஒன்று தலைகாட்டியது: விரல் கனம், மண் நிறம், மஞ்சள் வயிறு. விஷமில்லையாம். மியூசியம் ஜாடியில் செத்துக் கிடக்கும் ஒன்றைத் தவிர இந்த இனத்தை யாரும் பார்த்ததில்லை, அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம் என்றாள். இளகிய மண்ணும் இருட்டும் போதும், சிமெண்ட் விழுந்தால் முடிந்தது; தை மாதம்வரை தரை முழுவதையும் தொடாமல் விடுங்கள் என்றாள். குழியை மட்டும், தீபாவளிவரை என்றேன் நான். அவள் பேரம் பேசவில்லை. தரையில் படிந்திருந்த பஞ்சுத்தூசிமேல் டார்ச்சைச் சாய்த்தாள்.

"தடமெல்லாம் உங்க நாற்காலிக்கு அடியில போகுதுங்கண்ணா. திரும்பி வந்த தடம் ஒண்ணுகூடக் காணோம்."

காலை மேலே தூக்கிக்கொண்டு, சரி என்றேன்.

புதுத் தராசு

சிமெண்டைப் பக்கத்துக் குடோனுக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் புதுத் தராசு வைத்தேன். பூஜ்யம் அசையவில்லை. பழையதும் ஓடட்டும் என்று மேரி கேட்டிருந்தாள். போன வாரம் பழனிச்சாமி வந்தபோது உள்ளே யாருமில்லை. பழைய தராசின் எண் நூறு, ஐந்நூறு, மூன்று கிலோ என்று ஏறிக்கொண்டே போனது. மேரியிடம் போனில் சொன்னேன். இந்தப் பாம்பு எத்தனை சேர்ந்தாலும் அவ்வளவு கனம் வராதே என்றாள். பழனிச்சாமி வாசலிலேயே செருப்பை மாட்டினார்.

"உங்க மேல இருந்த சந்தேகம் போச்சுங்க, அங்க ஏறறது ஆருன்னு தெரியாம உள்ளார வரமாட்டனுங்க."

எவனுக்கும் ஒரு கிராம் விட்டுக்கொடுக்காத நான், குடோனையே விட்டுக்கொடுத்துவிட்டு வெயிலில் நின்று வியாபாரம் பார்க்கிறேன்.