நீத்தார் இலையில் ஏறாத காய்கள்

உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர் உண்டு. எந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை சொல்லாதவர் ஒருவரும் இலர்; இருவர் சொல்லும் விடை ஒன்றாயிருப்பதும் இல்லை. கோடைக்கானலில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய ஆண்டுகளில், அம்மலைக்குப் பேரிக்காயைக் கொணர்ந்தவர் யார் என்பதற்கே பல கதைகள் கேட்டேன். ஒன்றில் அவர் பாதிரியார், ஒன்றில் கலெக்டர், இன்னொன்றில் பாதிரியாரோடு வந்த சமையற்காரர். ஒன்றையும் என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. ஆகவே இங்கே நான் கண்டதையும் உண்டதையும் மட்டுமே சொல்வேன். பிறர் சொன்னவற்றுள், நூலாலோ வேறொருவர் சான்றாலோ உறுதிப்பட்டவற்றை மட்டும் சேர்த்துக்கொள்வேன். உரையாடல்கள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. சொல் சில மாறியிருக்கலாம், பொருள் மாறவில்லை.

ஐம்பதுகளின் இறுதியில் ஓர் ஐப்பசி. என் அடுத்த வீட்டில் அஞ்சலக எழுத்தர் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். பழனியில் பிறந்தவர், சைவ உணவினர். அவருடைய தாயார் கைம்மை எய்தியபின் மலைக்கு வந்து மகனோடு சில ஆண்டுகள் வாழ்ந்து, முந்தைய ஐப்பசியில் அவ்வீட்டிலேயே மறைந்தார். முதல் ஆண்டுத் திவசம் நெருங்கிற்று. பழனி உறவினர் அனைவரும் அவரைக் கீழே வந்து செய்யச் சொன்னார்கள். மலையில் திவசத்துக்கு ஆகும் காய் ஒன்றுகூடக் கிடைக்காது என்பது அவர்கள் வாதம். எழுத்தர் ஒப்பவில்லை.

"அம்மா உசுர விட்ட வீடு இதுதான். சாப்பாட்டுக்கு மட்டும் அவங்களப் பழனிக்கு எறங்கி வரச் சொல்றதா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆகவே வாழையிலையும் காய்களும் கொண்ட கூடை ஒன்றை வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் வரவழைக்க ஏற்பாடு செய்தார். திவசத்துக்கு முந்தைய நாள் மலைப்பாதையில் மண் சரிந்தது. பேருந்து வரவில்லை, கூடையும் வரவில்லை. இனி அவர் கீழே இறங்கவும் வழியில்லை. அம்மா வாழ்ந்த வீட்டிலேயே அம்மாவுக்குக் குறைவற்ற ஓர் இலை இடுவது என்று ஊரை எதிர்த்து நின்றவருக்கு, அந்த இலையும் இல்லை, இலையில் இடக் காயும் இல்லை.

வெளியூர் வாசகர் வியக்கக்கூடும்: கோடைக்கானலில் காய்க்குப் பஞ்சமா? கடைத்தெரு முழுதும் கோசும் கேரட்டும் பீட்ரூட்டும் உருளையும் பீன்ஸும் குவிந்து கிடந்தன. வேலிதோறும் சௌசௌ தொங்கிற்று. ஆனால் நீத்தார்க்குச் சமைக்கும் அடுப்பில் இவற்றுள் ஒன்றும் ஏறாது. மிளகாயும் தக்காளியும் ஏறா. காரம் வேண்டுமெனில் மிளகுதான். இவ்வழக்கம் என் வீட்டிலும் உண்டு. உண்டு என்று அறிந்திருந்தேனே தவிர, ஏன் என்று அதுவரை கேட்டவனல்லன்.

அன்று முற்பகல், மறுநாளைக்குரிய ஏற்பாடுகளைப் பேசப் புரோகிதர் வந்திருந்தார். அந்நேரம் வில்பட்டியிலிருந்து தலைச்சுமையாகக் காய் கொண்டுவரும் பெண்மணியும் கூடையை வாசலில் இறக்கினார்.

"நல்ல கோசு சாமி, கல்லு மாதிரி கெடக்கு. எடுத்துக்கங்க."

"திவசத்துக்கு ஆகாதும்மா," என்றார் புரோகிதர்.

"பீட்ரூட்டு?"

"ஆகாது."

"கேரட்டு? வெள்ளக்காரவுகளே பச்சையா கடிச்சுத் திங்கிறாக."

"அதனாலதான் ஆகாது."

நான் இடையில் புகுந்து, பீன்ஸும் அவரையின் உறவுதானே என்று ஒரு வழக்கை முன்வைத்தேன். புரோகிதர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உறவுன்னு சொல்லிண்டு வரவாளையெல்லாம் பந்தியில உக்கார வெக்க முடியுமா, வாத்தியாரே?"

"சௌசௌ?"

"அது எந்த ஊர்க் காய்னு எனக்கே தெரியாது. தெரியாததைப் பித்ருக்களுக்குப் போடப்படாது."

"அப்ப என்னதேன் சாமி ஆகும்?" என்று கூடைக்காரப் பெண்மணி இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

அவரை, வாழைக்காய், சேம்பு, சேனை, பாகல், புடல் என்று புரோகிதர் அடுக்கினார். அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவரையா? எங்க வேலியில காய்ச்சு ஆட்டுக்குட்டி திங்கிது. சேம்பு வாய்க்கா ஓரமா மண்டிக் கெடக்கு. பள்ளத்துல வாழையும் நிக்கிது. இதயெல்லாம் கொண்டாந்தா டவுனுல சிரிப்பாகன்னு நான் கோசச் சொமந்துக்கிட்டு அலையிறேன். செத்தவுகளுக்கு இம்புட்டு நொரநாட்டியமா?" பிறகு எழுத்தரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வெரசா வாங்க. மேகம் கூடுது."

எழுத்தரோடு நானும் வில்பட்டிக்கு நடந்தேன். அவருக்குக் காய் வேண்டியிருந்தது. எனக்கு அக்காய்கள் அங்கே இருப்பதைக் கண்ணால் காண வேண்டியிருந்தது. இருந்தன. அவரைக்கொடி வேலியை மூடியிருந்தது. அவ்வம்மையாரின் கணவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"டவுனு ஆளுக நம்ம சேம்பத் தேடி மழையில வாராகளா? ஏத்தா, காய்ச்சல் கீச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாத்தியா?"

ஆயினும் அவரே மண்வெட்டியை எடுத்துச் சேம்பைத் தோண்டினார். பள்ளத்தில் இறங்கி ஒரு பச்சை வாழைத்தாரும் கிழியாத இலைகளும் வெட்டி வந்தார். அது காட்டுச் சேம்பு அன்று, வீட்டுக்கென நட்டதே என்றார். மறுநாள் உண்டு பார்த்தேன், நாக்கு அரிக்கவில்லை. அவர் சொன்னது மெய்.

பின்னர் எங்கள் பள்ளியில் தாவரவியல் கற்பித்த ஆங்கிலேய ஆசிரியரிடம் ஆகாத காய்களின் வரிசையைச் சொல்லிச் சரிபார்த்தேன். உருளை, தக்காளி, மிளகாய், பீன்ஸ், சௌசௌ ஆகியவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கோசும் கேரட்டும் பீட்ரூட்டும் ஐரோப்பியர் தோட்டங்களின் வழியே இம்மலைக்கு வந்தவை. கப்பலேறி வந்தவை ஏறத்தாழ எல்லாம் நீத்தார் இலைக்கு வெளியே நின்றன. இறந்தோர்க்கு இடும் சோறு, இருப்போர் உண்ணும் சோற்றைவிட மூத்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதே ஆசிரியர் பள்ளி உணவுக்கூடத்தில் மசாலாத் தூள் இட்ட உருளைக்கிழங்கை இந்திய உணவு என்று எனக்குப் பெருமையோடு பரிமாறுவார். என் வீட்டிலோ அதற்கு இங்கிலீஷ் காய் என்று பெயர். உண்மையில் அக்கிழங்கு எங்கள் இருவர் மண்ணுக்கும் உரியதன்று.

ஆனால் வரிசையில் ஓர் ஓட்டையும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அமெரிக்கப் பிறப்பே; ஆயினும் திவசத்துக்கு அது ஆகும். அதுமட்டும் எப்படி ஆகும் என்று புரோகிதரைக் கேட்டேன்.

"அது எங்கப்பா காலத்துலேர்ந்து ஆகும்."

"உருளை?"

"அது எங்கப்பா காலத்துலேர்ந்து ஆகாது."

இனித் திவசத்தன்று காலைக்குத் திரும்புகிறேன். அவரைப் பொரியல், வாழைக்காய்க் கறி, சேம்பு வறுவல், மிளகுக் குழம்பு என்று அடுப்பில் எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தன. எழுத்தர் முகத்தில் முதன்முறையாக அமைதி தெரிந்தது. அப்போது அவருடைய மனைவி, முறத்தால் மூடி வைத்திருந்த ஒரு தட்டை எடுத்தார். அதில் தோல் சீவிய உருளைக்கிழங்கு.

"இதென்ன?" என்றார் எழுத்தர்.

"அத்தைக்கு." பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கண்ணே. மலைக்கு வந்த புதுசுல, இங்கிலீஷ் காய் என் நாக்குல படக்கூடாதுன்னாங்க. கடைசி வருஷம் ரசஞ்சோத்துக்குக்கூட உருளைக்கெழங்கு வறுவல்தான். அதுவும் மொளகாப்பொடி தூக்கலா. அவங்களுக்குப் புடிச்சது ஒண்ணுகூட இல்லாம, இது யாருக்குப் போடுற எலை?" என்றார்.

அவர் சொன்னது மெய் என்பதை மட்டும் அறிவேன். அவ்வறுவலை அந்தத் தாயார் கேட்டு வாங்கி உண்டதை நானே கண்டிருக்கிறேன். எழுத்தர் தட்டையும் புரோகிதரையும் மாறி மாறிப் பார்த்தார். குறைவற்ற இலை வேண்டும் என்பதற்காகவே அவர் இத்தனை பாடும் பட்டார். இப்போது உருளையை இட்டால் முறை குறையும். இடாவிட்டால் அம்மா குறைவார்.

"ஆகாதும்மா. எங்கப்பா ஒருநாளும் ஒப்பினதில்லை," என்றார் புரோகிதர்.

"சாப்பிட வர்றது யாரு சாமி? எங்க அத்தையா, உங்க அப்பாவா?"

எழுத்தர் திடுக்கிட்டார். புரோகிதர் சினக்கவில்லை, மணையில் சற்றே நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க அத்தை தனியா வரதில்லையேம்மா. மூணு தலைமுறைக்கில்லையா போடறோம்? அவாளோட மாமியாரும் வருவா, அந்த மாமியாரோட மாமியாரும் வருவா. உங்க அத்தைக்கு உருளைக்கிழங்கு தெரியும். மத்த ரெண்டு பேரும் அதைக் கண்டிருப்பாளோ என்னமோ. பந்தியில ஒருத்தருக்குத் தெரிஞ்சு ரெண்டு பேருக்குத் தெரியாத பண்டத்தைப் போட்டா, அந்த ரெண்டு பேரும் முழிச்சுண்டு உக்காந்திருக்க மாட்டாளா? எல்லாருக்கும் தெரிஞ்சதைப் போடு. மருமகளுக்கு அழகு அதான்."

மருமகள் முறத்தைக் கையில் எடுத்தார்.

"பெரியவங்க முன்னாடி அத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டாங்கதான்," என்றார். "அவங்களுக்குக் கூச்சம் சாஸ்தி."

தட்டு மீண்டும் முறத்தின் கீழ்ப் போயிற்று. திவசம் குறைவின்றி நிறைந்தது. அன்று விளக்கேற்றும் வேளையில், தாயார் படுத்திருந்த அறையில், எழுத்தர் தம் கையாலேயே இன்னோர் இலை விரித்தார். மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை. ரசஞ்சோறு, அதன் அருகே மிளகாய்ப்பொடி தூக்கலாக இட்ட உருளைக்கிழங்கு வறுவல். "இது உங்களுக்கு மட்டும்மா," என்றார்.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. பேருந்தும் ஒழுங்காக ஓடிற்று. எழுத்தர் வத்தலக்குண்டிலிருந்து கூடை வரவழைக்கவில்லை. வெள்ளனே எழுந்து வில்பட்டிக்கு நடந்து போய் வந்தார். இரண்டு இலைகளும் இட்டார். பழனி உறவினரும் வந்திருந்தனர். சேம்பைக் கேட்டு வாங்கி உண்டனர்.

எனக்குத் தெரியாதவை சில. ஆகும் காய், ஆகாத காய் என்ற வரிசையை முதலில் வகுத்தவர் யார், எப்போது வகுத்தார் என்பது தெரியாது. சர்க்கரைவள்ளி எவ்வாறு உள்ளே நுழைந்தது என்பதும் தெரியாது. மூன்று தலைமுறைப் பந்தி என்று புரோகிதர் சொன்ன காரணத்தை என் கைக்கெட்டிய நூல் எதிலும் நான் காணவில்லை. அது அவர் தம் முன்னோரிடம் கேட்டதா, அடுப்படியில் நின்ற அந்த மருமகளுக்காக அக்கணத்தில் தாமே கண்டதா என்று பின்னொரு நாள் அவரையே கேட்டேன். அவர் சிரித்தார். அது எனக்கு இன்றும் தெரியாது.